பூட்டில் கிடக்கும் துப்பாக்கி

பினாங்குத் தமிழர்களுக்கு ஹட்யாய் வெளிநாடு மாதிரியே தோன்றுவதில்லை. பள்ளி விடுமுறை வந்தால், வெள்ளிக்கிழமையோடு ஒட்டிக்கொண்டு ஒரு பொது விடுமுறை வந்தால், விடியுமுன் காடியை எடுத்துப் பாலத்தைத் தாண்டி வடக்கே விடுவார்கள். பசியாறும் நேரத்துக்குப் புக்கிட் காயு ஈத்தாம் சாவடியில் கடப்பிதழை நீட்டிக்கொண்டு நிற்கலாம். இரண்டு நாள் கழித்துத் திரும்பும்போது பின்னால் வறுத்த முந்திரி, மலிவு விலைச் சட்டைகள், ஈரம் காயாத நீச்சல் துணிகள் எல்லாம் கிடக்கும். அவற்றுக்கு நடுவே, பையன் அழுது அடம்பிடித்து வாங்கிய ஒரு துப்பாக்கியும் இருக்கக்கூடும். கறுப்பு பிளாஸ்டிக், மிளகளவு வெள்ளை உருண்டைகளைச் சுடும். கையில் எடுத்தால் எதிர்பார்த்ததைவிடக் கொஞ்சம் கனக்கும். மேல்பாகத்தை இழுத்துவிட்டால் ‘டக்’ என்று நிஜம்போல் ஒரு சத்தம் வரும்.

அப்பாவுக்கு அது பொம்மை. ஆனால் காடி மலேசிய மண்ணில் ஏறிய பிறகு அது என்ன என்று முடிவுசெய்வது 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம். அந்தச் சட்டம் ‘ஆயுதம்’ என்ற சொல்லை அகலமாக விரித்து வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து விளைவிக்கக்கூடிய, குழல் உள்ள எந்தக் கருவியும் அதற்குள் அடங்கும். அதிலிருந்து ரவையோ தோட்டாவோ வேறு எதுவோ பாய முடிந்தால் போதும். பாயும்படி அதை மாற்றியமைக்க முடிந்தாலும் போதும். காற்றுத் துப்பாக்கியும் காற்றுக் கைத்துப்பாக்கியும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கின்றன. துப்பாக்கியின் உறுப்புகள் தனித்தனியாகக் கிடந்தாலும் ஆயுதம்தான். இந்த வலையில் விழாத போலித் துப்பாக்கிகளுக்கென்று வேறொரு பிரிவு காத்திருக்கிறது. தாய்லாந்துச் சந்தையில் தாராளமாக விற்கும் ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளை இங்கே சட்டப்படி வைத்திருக்க முடியாது என்பதைச் சுங்கச் சாவடியில்தான் பலர் தெரிந்துகொள்கிறார்கள்.

இந்த வரையறையில் எங்கேயும் இல்லாத ஒன்று உண்டு. துப்பாக்கிக்குள் குண்டு இருக்கிறதா இல்லையா என்று சட்டம் கேட்பதே இல்லை. சுட முடியுமா என்று கேட்கிறது; சுடத் தயாராக இருக்கிறதா என்று கேட்பதில்லை. குண்டைக் கழற்றித் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் குற்றம் பாதியாகிவிடும் என்று நினைப்பவர் ஏமாந்துபோவார். துப்பாக்கிக்கு ஒரு குற்றச்சாட்டு, தோட்டாவுக்கு இன்னொரு குற்றச்சாட்டு என்று தாளில் இரண்டு வரி விழும்.

இந்த நாட்டுத் தமிழில் காடியின் பின்பக்கச் சாமான் அறைக்குப் பெயர் ‘பூட்’. ‘பையைப் பூட்டில் வை’ என்று இங்கே ஒருவர் சொன்னால் சென்னையிலிருந்து வந்த விருந்தாளி சாவியைத் தேடுவார். அமெரிக்கச் சட்டத்தில் இந்த இரண்டு பூட்டும் ஒன்றாக வருகின்றன. 1986இல் அந்நாட்டு நாடாளுமன்றம் துப்பாக்கி உரிமையாளர்களைப் பாதுகாக்க ஒரு சட்டம் இயற்றியது. ஒரு மாநிலத்தில் சட்டப்படி துப்பாக்கி வைத்திருப்பவர், அதைச் சட்டப்படி வைத்திருக்கக்கூடிய இன்னொரு மாநிலத்துக்குக் கொண்டுபோகும்போது, வழியில் உள்ள கெடுபிடி மாநிலங்கள் அவரைப் பிடிக்கக் கூடாது என்பது அதன் நோக்கம். அதற்கு நிபந்தனைகள் உண்டு. துப்பாக்கியில் குண்டு இருக்கக் கூடாது. துப்பாக்கியோ குண்டோ உட்கார்ந்திருப்பவரின் கைக்கு எட்டக் கூடாது. அதாவது பூட்டில் இருக்க வேண்டும். தனிப் பூட் இல்லாத வண்டியாக இருந்தால் பூட்டிய பெட்டிக்குள் இருக்க வேண்டும். முன்னிருக்கைக்கு எதிரே கையுறை வைக்கும் அறையும், இருக்கைகளுக்கு நடுவே உள்ள பெட்டியும் அந்தக் கணக்கில் சேராது.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. அங்கேயே அது எப்படி உடைந்தது என்பதற்கு 2005இல் நடந்த ஒரு சம்பவம் போதும். யூட்டா மாநிலத்துக்காரர் ஒருவர் பென்சில்வேனியாவுக்குப் பறந்துகொண்டிருந்தார். துப்பாக்கியை முறைப்படி அறிவித்து, குண்டில்லாமல், பூட்டிய பெட்டியில் வைத்துச் சாமானோடு அனுப்பியிருந்தார். நியூஜெர்சியின் நியூவர்க்கில் மாற்று விமானத்தைத் தவறவிட்டார். பெட்டியைக் கையில் வாங்கிக்கொண்டு இரவு ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்துக்கு வந்து, தாமாகவே, ‘இதில் துப்பாக்கி இருக்கிறது’ என்று மறுபடியும் அறிவித்தார். கைது செய்து சிறையில் வைத்துவிட்டார்கள். குற்ற வழக்கு பிறகு கைவிடப்பட்டது. ஆனால் அவர் நஷ்டஈடு கேட்டுப் போட்ட வழக்கில் 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஹோட்டல் அறையில் அந்தப் பெட்டி ஓர் இரவு முழுக்க அவர் கைக்கு எட்டும்படி இருந்தது; அந்த ஓர் இரவில் பாதுகாப்பு விலகிவிட்டது என்பது வாதம். துப்பாக்கியை அரசியல் சாசன உரிமையாகக் கொண்டாடும் நாட்டிலேயே, ‘குண்டில்லை, பூட்டியிருக்கிறது’ என்ற கவசம் இவ்வளவு மெல்லியதுதான்.

ஹட்யாய்க்காரருக்கும் இதேபோல் ஒரு கணக்கு உண்டு. தாய்லாந்தின் துப்பாக்கிச் சட்டம் 1947ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அங்கே வீட்டில் வைத்திருக்க ஒரு உரிமம், வெளியில் இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க வேறொரு உரிமம். இரண்டாவது லேசில் கிடைக்காது. அதனால் உரிமையாளர் துப்பாக்கியை வண்டியில் எப்படி வைத்திருந்தார் என்று அந்நாட்டு நீதிமன்றங்கள் உற்றுப் பார்க்கின்றன. பூட்டில் பூட்டிவைத்து, உடனே எடுத்துச் சுட முடியாத நிலையில் இருந்தால் அது ‘ஏந்திச் செல்வது’ ஆகாது என்று சொன்ன தீர்ப்புகள் உண்டு. அதே மனிதர் அதே பூட்டோடு தெற்கே நகர்ந்து மலேசியச் சாவடிக்குள் நுழைந்தால் அந்த நுணுக்கம் எல்லாம் வடக்கேயே நின்றுவிடும்.

இங்கே சட்டம் பார்ப்பது காகிதத்தை. மாநிலப் போலீஸ் தலைவர் கையெழுத்திட்ட உரிமமோ பெர்மிட்டோ இருக்கிறதா? இல்லையென்றால் ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது இரண்டும். இது மென்மையான வழி. அதே செயலுக்கு 1971இல் இன்னொரு சட்டம் வந்தது. சுடும் ஆயுதங்களுக்கான கூடுதல் தண்டனைச் சட்டம் என்பது அதன் பெயர், செய்வதும் அதைத்தான். சட்டவிரோதமாக வைத்திருந்ததற்கு மட்டும் 14 ஆண்டு வரை சிறை, ஆறுக்குக் குறையாத பிரம்படி. இரண்டுக்கு மேல் துப்பாக்கி கிடைத்தால் கடத்தல் என்றே ஊகிக்கப்படும். அது மரண தண்டனை வரை போகக்கூடியது. குற்றத்தின்போது போலித் துப்பாக்கியைக் காட்டினாலும் பத்து ஆண்டு வரை சிறையும் மூன்றுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. போலித் துப்பாக்கியில் குண்டு எங்கிருந்து வரும்? பயமுறுத்தப்பட்டவருக்கு அது தெரியாதே என்பது சட்டத்தின் பதில். அந்தப் பதில் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இன்னொரு சட்டமும் இருந்தது. அதற்கு வருமுன் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும்.

வெறுமனே வைத்திருப்பதே பெருங்குற்றம் என்ற எண்ணம் இந்த நாட்டில் சமாதான காலத்தில் பிறந்ததல்ல. 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு அவசரநிலையை அறிவித்தது. அதையொட்டி வந்த ஒழுங்குவிதிகளில் 4ஆவது, அனுமதியின்றித் துப்பாக்கி ஏந்துவதற்கு மரண தண்டனை விதித்தது. சுட்டாரா, யாரையாவது மிரட்டினாரா, யாராவது இறந்தார்களா என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை.

அந்த விதியில் சிக்கியவர்களில் தமிழ்நாடும் மறக்காத பெயர் எஸ்.ஏ. கணபதி. தஞ்சை மாவட்டம் பட்டுக்கோட்டைப் பக்கம் தம்பிக்கோட்டையைச் சேர்ந்தவர். இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். சம்மேளனத்தின் பதிவு 1948இல் ரத்தானது. 1949 மார்ச்சில் அவர் பிடிபட்டபோது அவரிடம் இருந்ததாகச் சொல்லப்பட்டவை ஒரு ரிவால்வரும் ஆறு தோட்டாக்களும். அது கிடந்து எடுத்தது, போலீசில் ஒப்படைக்கத்தான் கொண்டுபோனேன் என்றார் அவர். நீதிமன்றம் ஏற்கவில்லை. புதுடில்லி வரை அசைந்தும் பயனில்லை. அதே ஆண்டு மே 4ஆம் தேதி கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். கைதுக்கும் கயிற்றுக்கும் இடையே சுமார் இரண்டு மாதம். வழக்கமாக இந்தக் கதையை ஏகாதிபத்தியத்தின் கொடுமையாகச் சொல்வோம், அது சரிதான். சட்டத்தின் பக்கத்திலிருந்து பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. அவர் அந்த ரிவால்வரால் என்ன செய்தார் என்று அரசு தரப்பு சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதை வைத்திருந்தார் என்பதோடு வழக்கு முடிந்துவிட்டது. ஏன் வைத்திருந்தேன் என்று நிரூபிக்கும் பாரம் அவர் தலையில்.

கணபதி அளவுக்கு நாம் அறியாத இன்னொரு தமிழ்ப் பெயர் சாம்பசிவம். 1948 செப்டம்பரில் ஜொகூரில் பிடிபட்டவர். அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள்: ரிவால்வர் ஏந்தியது ஒன்று, தோட்டாக்கள் வைத்திருந்தது இன்னொன்று. முதல் விசாரணையில் தோட்டா வழக்கில் விடுதலையானார். துப்பாக்கி வழக்கில் நீதிபதிக்கும் உடன் அமர்ந்த மதிப்பீட்டாளர்களுக்கும் ஒத்துப்போகவில்லை, மறு விசாரணை. அந்த மறு விசாரணையில் அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட வாக்குமூலம் தாக்கலானது. துப்பாக்கியும் தோட்டாவும் என்னிடம் இருந்தன என்கிற வாக்குமூலம். தோட்டா வழக்கில் அவர் ஏற்கெனவே நிரபராதி என்பதை அந்த இரண்டாம் சபைக்கு யாரும் உறைக்கச் சொல்லவில்லை. மரண தண்டனை விழுந்தது.

வழக்கு லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனது. 1950இல் மக்டெர்மட் பிரபு தண்டனையை ரத்து செய்தார். விடுதலைத் தீர்ப்பு என்பது அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்கக் கூடாது என்பதோடு நின்றுவிடுவதில்லை. அந்த இரு தரப்புக்கும் இடையே பிறகு வரும் எல்லா வழக்குகளிலும் அது கட்டுப்படுத்தும், அதற்கு மாறாக அரசு வாதிடக் கூடாது என்பது அவர் வகுத்த கொள்கை. இந்திய உச்ச நீதிமன்றமும் பிறகு இதை ஏற்றுக்கொண்டு பேசியிருக்கிறது. இன்றும் சென்னையிலோ மதுரையிலோ ஒரு குற்றவியல் வழக்கறிஞர் ‘சாம்பசிவம் வழக்கின்படி’ என்று எழுந்து நின்றால், அவர் சொல்வது ஜொகூரில் பிடிபட்ட ஒரு தமிழரின் ரிவால்வர் கதை. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் தனித்தனிக் குற்றம் என்று பிரித்து வைத்த சட்டமே, அந்தப் பிரிவின் வழியாக ஓர் ஆளின் உயிரைத் தப்பவிட்டது.

அவசரநிலை 1960இல் முடிந்தது. அதன் விதி மட்டும் சட்டை மாற்றிக்கொண்டு உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில், அதாவது ‘இசா’வில், 57ஆம் பிரிவாக உட்கார்ந்தது. ‘பாதுகாப்புப் பகுதி’ என்று அறிவிக்கப்பட்ட இடத்தில் உரிய காரணமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தால் மரணம். காரணத்தை நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே. 1969 மே கலவரத்துக்குப் பிறகு நாடு முழுவதுமே பாதுகாப்புப் பகுதியானது. காட்டில் கம்யூனிஸ்டுகளை நினைத்து எழுதிய சட்டம் இப்போது சூலியா தெருவுக்கும் ஆயர் ஈத்தாமுக்கும் பொருந்தியது.

ஒரே பிஸ்டல், மூன்று சட்டங்கள். ஆயுதச் சட்டத்தில் போட்டால் ஏழு ஆண்டு. 1971 சட்டத்தில் போட்டால் பதினான்கும் பிரம்படியும். இசாவில் போட்டால் தூக்கு. செயலில் எந்த வித்தியாசமும் தேவையில்லை. எதில் போடுவது என்பது சட்டத்துறைத் தலைவரின் விருப்பம். அரசியலமைப்பின் 145ஆம் விதி அந்த அதிகாரத்தை அவருக்குக் கொடுக்கிறது.

இதன் கூர்மை வெளிப்பட்ட ஊர் பினாங்கு. 1975இல் பாதுகாப்பு வழக்குகளுக்கென்று தனி ஒழுங்குவிதிகள் வந்தன. ஜூரி கிடையாது, ஒற்றை நீதிபதி. சாட்சி மறைவில் இருந்து பேசலாம். செவிவழிச் செய்தியையும் ஏற்கலாம். குற்றம் உறுதியானால் அதிகபட்சத் தண்டனையைத்தான் கொடுக்க வேண்டும். வயதைப் பார்க்கக் கூடாது. 1977இல் லைட் தெருவின் உயர் நீதிமன்றத்தில் 14 வயதுப் பையன் ஒருவன் நின்றான். அவனிடம் ஒரு பிஸ்டலும் 20 தோட்டாக்களும் கிடைத்திருந்தன. நீதிபதி அருளானந்தம் மரண தண்டனை விதித்தார். வேறு எதையும் விதிக்க அந்த விதிகள் அவரை விடவில்லை.

வெள்ளைக் கட்டடம், முன்னால் மரநிழல்; இன்று உலகப் பாரம்பரியச் சுற்றுலாப் பயணிகள் நின்று படமெடுக்கும் இடம். அங்கே குரல் உடையாத ஒரு பையனிடம் ஒரு தமிழ் நீதிபதி அந்த வாக்கியத்தைப் படித்திருக்கிறார். உள்நாட்டிலும் வெளியிலும் கொதிப்பு எழுந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மலேசிய வழக்கறிஞர் மன்றம் இந்த விதிகளின் கீழ் நடக்கும் விசாரணைகளில் வாதாட வேண்டாம் என்று தன் உறுப்பினர்களுக்குத் தீர்மானம் போட்டது. வழக்கறிஞர்கள் வேலைநிறுத்தம் செய்வது போன்ற காரியம் அது, சாதாரணமாக நடப்பதல்ல. பையன் தூக்கிலிடப்படவில்லை. மன்னிப்பு வாரியத்தின் வழியாக, 21 வயது வரை ஹென்ரி கர்னி சீர்திருத்தப் பள்ளியில் வைக்க முடிவானது.

அதே காலத்தில் அதே பினாங்கிலிருந்து புறப்பட்டதுதான் தே செங் போ வழக்கு. 1976இல் ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம், விசாரித்தவர் அதே நீதிபதி அருளானந்தம், தண்டனை மரணம். குற்றவியல் மேல்முறையீடுகளை லண்டனுக்கு அனுப்பும் வழக்கத்தை மலேசியா 1978 தொடக்கத்தில் நிறுத்திவிட்டது. இது முன்பே வரிசையில் நின்றிருந்த வழக்கு என்பதால் கடைசிப் படகில் ஏறிவிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் டிப்ளாக் பிரபு தீர்ப்பளித்தார்.

அதில் இரண்டு பாகம் உண்டு. மலேசியச் சட்ட மாணவர்கள் மனப்பாடம் செய்வது முதல் பாகம். 1971 பிப்ரவரி 20 அன்று நாடாளுமன்றம் மறுபடி கூடியதுமே, மாமன்னரின் பெயரால் அவசரச் சட்டம் இயற்றும் அதிகாரம் முடிந்துவிட்டது, ஆகவே 1975 விதிகள் செல்லாது, தண்டனை ரத்து, மறு விசாரணை வேண்டுமா என்பதைக் கூட்டரசு நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். கோலாலம்பூர் கொஞ்சமும் தாமதிக்கவில்லை. 1979இல் ஒரு சட்டம் இயற்றி, அந்த விதிகளை 1971 பிப்ரவரி 20 முதலே செல்லும் என்று பின்தேதியிட்டு உயிர்ப்பித்துவிட்டது.

என் கவனம் நிற்பது இரண்டாம் பாகத்தில். ஒரே செயலுக்கு ஒருவருக்குச் சிறை, இன்னொருவருக்குத் தூக்கு என்பது சட்டத்தின் முன் சமத்துவத்தை மீறவில்லையா என்று வழக்கறிஞர் கேட்டார். மீறவில்லை என்றது பிரிவி கவுன்சில். எந்தச் சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர்வது என்பது சட்டத்துறைத் தலைவரின் விருப்புரிமை; வழக்குத் தொடர்பவர் எங்கும் அப்படித்தான் தேர்ந்தெடுக்கிறார் என்பது காரணம். இந்தக் காரணத்தை நான் எத்தனை முறை படித்தாலும் விழுங்க முடியவில்லை. வேகமாக ஓட்டியவருக்குச் சமன் கொடுப்பதா எச்சரித்து விடுவதா என்ற விருப்புரிமை ஒன்று. சிறையா கயிறா என்பதை நீதிமன்றத்துக்கு வெளியே, ஓர் அலுவலக மேசையில், காரணம் சொல்லாமல் தேர்ந்தெடுப்பது வேறொன்று. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததில்தான் பிழை. இசா 2012 ஜூலை 31 அன்று ரத்தான பிறகே, வெறுமனே வைத்திருந்ததற்காகத் தூக்கு என்பது இங்கே முடிவுக்கு வந்தது. 2023 ஜூலையில் கட்டாய மரண தண்டனையும் நீங்கியது. ஏழு ஆண்டுச் சட்டமும் பதினான்கு ஆண்டுச் சட்டமும் இன்னும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தேர்வும் இன்னும் மேசையில்தான் நடக்கிறது.

காடி என்று வந்தால் வேறொரு சிக்கல் சேர்ந்துகொள்கிறது. வீட்டு அலமாரிக்கு ஒரு சொந்தக்காரர் இருப்பார். காடிக்குப் பதிவுப் புத்தகத்தில் ஒருவர், ஓட்டுவது ஒருவர், பின்னால் தூங்குவது இருவர். பூட்டில் துப்பாக்கி கிடைத்தால் அது யாருடையது? இந்நாட்டு நீதிமன்றங்கள் ‘வைத்திருத்தல்’ என்றால் என்ன என்பதற்கு 1956இல் நீதிபதி தாம்சன் சொன்னதை இன்றும் எடுத்தாள்கின்றன. பொருள் அருகில் இருந்தால் போதாது. மற்றவரை விலக்கிவிட்டு அதைத் தன் உடைமைபோல் கையாளும் நிலையில் அவர் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் அப்படிச் செய்வார் என்று கருத இடமிருக்க வேண்டும். அது என்ன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய உச்ச நீதிமன்றமும் 1972இல் குன்வந்த்லால் வழக்கில் இதற்குப் பக்கத்தில்தான் வந்து நின்றது: அறிவோடு வைத்திருப்பதே வைத்திருத்தல், அந்த அறிவும் பிடியும் இருந்தால் பொருள் இன்னொருவர் கையில் இருந்தாலும் தப்ப முடியாது. விமான நிலையத்தில் பழைய பையின் மடிப்பில் ஒற்றைத் தோட்டாவோடு சிக்கி விழிக்கும் பயணிகளின் வழக்குகள் பலவற்றை டில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும் இந்த ‘அறிவோடு’ என்ற ஒரு சொல்லை வைத்துத்தான்.

ஆகவே இரவு நேரச் சாலைத் தடுப்பில் போலீஸ்காரர் டார்ச் அடித்து, பூட்டைத் திறக்கச் சொல்லி, விரிப்பைத் தூக்கும் அந்த நொடியில் வழக்கின் பாதி எழுதப்பட்டுவிடுகிறது. சாவி யாரிடம் இருந்தது, பொருள் பைக்குள் இருந்ததா விரிப்புக்கு அடியிலா, பையில் யாருடைய துணி இருந்தது, திறக்கச் சொன்னபோது யார் முகம் மாறியது என்றெல்லாம் பிறகு நீதிமன்றத்தில் மணிக்கணக்கில் அலசப்படும். குண்டு இருந்ததா என்பது அந்த அலசலில் கடைசிக் கேள்வியாகக்கூட வராமல் போகலாம். முன்னிருக்கையில் இருந்தவர் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று கையை விரித்தாலும் முடிந்துவிடாது. சட்டவிரோதத் துப்பாக்கி வைத்திருப்பவரோடு, தெரிந்தே இருந்தார் என்று கருதத்தக்க சூழலில், சேர்ந்து காணப்படுவதையும் 1971 சட்டம் தனிக் குற்றமாக்கியிருக்கிறது. நண்பனின் காடியில் ஏறும்போது பூட்டை யாரும் சோதிப்பதில்லை.

உரிமம் உள்ளவர்களுக்கு இவ்வளவு தலைவலி இல்லை. உரிமம் ஆளுக்கு, காடிக்கு அல்ல என்பதை மட்டும் அவர்கள் மறக்கக் கூடாது. காட்டுப்பன்றி விரட்டச் சுடுதுப்பாக்கி வைத்திருக்கும் தோட்டக்காரர், அதைப் பூட்டில் மறந்து வைத்துவிட்டு மகனிடம் சாவியைக் கொடுத்தால், அப்பாவின் பெயரில் உள்ள காகிதம் மகனைக் காப்பாற்றாது. கைத்துப்பாக்கிக்கு உரிமம் வாங்குவதோ குதிரைக்கொம்பு. பணம் ஏற்றும் வண்டியின் காவலர்களும் மெய்க்காவலர்களும் ‘ஏந்தவும் பயன்படுத்தவும்’ என்ற பெர்மிட்டோடு நடமாடுகிறார்கள். சாதாரண ஜனங்களுக்குத் துப்பாக்கி கண்ணில் படுவதே அபூர்வம். ஆயர் ஈத்தாம் பக்கம் ‘ரைபிள் ரேஞ்’ என்று இன்றும் சொல்கிறோம்; மலாயில் பாடாங் தெம்பாக், சுடும் திடல். 1960களின் இறுதியில் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. வெடிச்சத்தம் கேட்ட இடத்தில் மாடிக்கு மாடி மூங்கில் கழியில் துணி காய்கிறது. கார்ன்வாலிஸ் கோட்டையில் 1603இல் வார்த்த ஸ்ரீ ரம்பாய் பீரங்கி நிற்கிறது. பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் அதன் வாயில் பூ வைத்த காலம் உண்டு. இந்தத் தீவில் பொதுமக்கள் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய துப்பாக்கி அநேகமாக அது ஒன்றுதான்.

இந்த அபூர்வம் கடுமையான சட்டத்தால் வந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் காகிதத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கும் ஒரு மறைவிடம் உண்டு. 2016 டிசம்பர் 1 அன்று, துன் டாக்டர் லிம் சொங் இயூ விரைவுச்சாலையில் போக்குவரத்து நெரிசலில் ஒரு சொகுசுக் காடி நின்றது. உள்ளே ஒரு தொழிலதிபரும் அவருடைய மெய்க்காவலரும். மெய்க்காவலர் தம் முதலாளியைச் சுட்டார்; பிறகு இறங்கிச் சாலையில் இருந்தவர்களையும் சுட்டார். மூவர் இறந்தார்கள், வேறு சிலர் காயமடைந்தார்கள். எல்லையில் கடத்தி வந்து விரிப்புக்கு அடியில் ஒளித்த துப்பாக்கி அல்ல அது. மெய்க்காவல் வேலைக்கென்று அனுமதி பெற்றது. அதைப் பூட்டில் வைத்திருந்தாரா, குண்டைக் கழற்றி வைத்திருந்தாரா என்று கேட்க முடியாது. கைக்கு எட்டும்படி, குண்டோடு வைத்திருப்பதற்காகத்தான் அவருக்குச் சம்பளம்.

தீவின் கிழக்குக் கரையை ஒட்டி ஓடும் அந்தச் சாலையை முன்பு ஜெலுத்தோங் விரைவுச்சாலை என்பார்கள். ஜார்ஜ்டவுனிலிருந்து ஹட்யாய் புறப்படும் குடும்பங்கள் விடியுமுன் பாலத்தில் ஏறுவது அந்த வழியாகத்தான்.